பத்துப் பறி, ஒரு கொக்கித் தராசு

பி.எஸ்ஸி. புள்ளியியலில் எனக்கு இடம் கிடைத்தபோது அது என்ன படிப்பு என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் கேட்டது கணிதம். அதில் இடம் முடிந்துவிட்டது. கவுன்ட்டரில் இருந்தவர், "புள்ளியியல் இருக்கு, வேணுமா வேணாமா? பின்னால ஆளுங்க நிக்கறாங்க" என்று அவசரப்படுத்தினார். வேணும் என்று சொல்லிவிட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் முறைத்த முறைப்பில்தான் என் வாழ்க்கை முடிவானது.

நைனா அப்போது உள்ளூர் வயல்களில் நெல் அறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். சாயந்திரம் வந்து, "அது இன்னா படிப்புமா?" என்று கேட்டார். எனக்குப் புரிந்தவரையில் விளக்கினேன். "எல்லாரையும் போய்ப் பாக்க முடியாது இல்ல நைனா? அதனால பத்து பேரப் பாத்து, ஊர் மொத்தத்தையும் பத்திச் சொல்றது."

"இத்தத்தான் நம்மூரு பொம்பளைங்க தெனமும் பண்றாளுங்களே. அதுக்குப் போய் மூணு வருசமா?" என்றார்.

பழவேற்காடு என்று சொன்னதும் கல்லூரியில் எல்லோரும் என்னிடம் படகைப் பற்றியே கேட்டார்கள். படகெல்லாம் கடலைப் பார்த்த பக்கம், லைட்ஹவுஸ் குப்பம் மாதிரி ஊர்களில். ஏரியின் உள்பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் படகும் கிடையாது, வலையும் கிடையாது. இரண்டு கை, ஒரு பறி, அவ்வளவுதான். பறி என்பது பனை ஓலையில் முடைந்த கூடை. அம்மாவும் அவள் கூட்டாளிகளுமாகப் பத்துப் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பார்கள். கை இரண்டும் தண்ணீருக்குள் இருப்பதால் பறியை வாயில்தான் கவ்விக்கொள்ள வேண்டும். மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் பல்லில் பறியோடு அப்படியே நகர்ந்துகொண்டிருப்பார்கள். கரையில் பேசுவதை நிறுத்தாத பத்துப் பேர் தண்ணீரில் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பதைப் பார்த்தால் சிரிப்பாக இருக்கும்.

எனக்கு அந்த வேலை வரவில்லை. சின்ன வயதில் இரண்டு தடவை இறக்கிவிட்டார்கள். இரண்டு தடவையும் இறாலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பிடித்தேன். "நீ போய்ப் படி, அதான் உனக்கு ஆவும்" என்று அம்மா கரையேற்றிவிட்டாள். ஊரில் என்னைத் தவிர யாரும் இந்தக் காரணத்துக்காகப் பட்டப்படிப்புக்குப் போயிருக்க மாட்டார்கள்.

காலையில் முதல் பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில். மீஞ்சூரில் என் வகுப்புத் தோழி ஏறுவாள். அவளுக்கு நான் இடம் பிடித்து வைக்க வேண்டும், அதற்காகத் தினம் ஒருவரிடம் சண்டை போட வேண்டும். சண்டை எனக்குப் பிரச்சினையே இல்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அவளுக்கோ எதற்கெடுத்தாலும் சிரிப்பு. நான் திட்ட, அவள் சிரிக்க, அந்தப் பெட்டியில் தினமும் வருகிறவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

முதல் வருடம் முழுக்கப் பையிலிருந்து சிவப்புப் பந்தும் கறுப்புப் பந்தும் எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு பந்தையாவது கண்ணால் பார்த்தோமா என்றால் இல்லை. எல்லாம் கரும்பலகையில்தான். இரண்டாம் வருடம் பந்து போய்த் திட்டவிலக்கம் வந்தது. ஒரு கூட்டத்தில் இருப்பவர்கள் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் சிதறிக் கிடக்கிறார்கள் என்று அளப்பது. பத்தாம் வகுப்பிலேயே போட்ட கணக்குதான். ஆனால் அது மனுஷர்களைப் பற்றியது என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து அந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனது, நிஜமாகவே பிடித்துப்போனது.

மூன்றாம் வருடம் ஆளுக்கொரு புராஜெக்ட். நாமே போய்த் தகவல் சேகரித்து, அலசி, எழுதிக் கொடுக்க வேண்டும். புராஜெக்டைப் பார்க்கிற மேடம் கையெழுத்துப் போட்டால்தான் வாய்மொழித் தேர்வு. அது இல்லாமல் பட்டம் இல்லை. எதைப் பற்றி எழுதுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது தோழி ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு வந்தாள். டச்சுக்காரர்கள் கல்லறைக்குக் கூட்டிப்போனேன். வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் இரண்டு பக்கமும் நிற்கும். அதைப் பார்த்ததும் அவளுக்கு யோசனை வந்துவிட்டது.

"ஒவ்வொரு கல்லுலயும் எந்த வயசுல செத்தாங்கன்னு போட்டிருக்கும்டி. எல்லாத்தையும் எழுதிக்கோ. சராசரி வயசு, திட்டவிலக்கம், முடிஞ்சுது புராஜெக்ட். யாரையும் கேள்வி கேட்க வேணாம், யாரும் பதில் மாத்திச் சொல்ல மாட்டாங்க."

பாதிக் கல்லில் எழுத்தே புரியவில்லை. புரிந்ததை எழுதிக்கொண்டே போனபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு பெரிய கல்லை வெட்டி, இவ்வளவு எழுத்தைச் செதுக்கிப் புதைக்கிற வசதி இருந்தவர்கள் மட்டும்தான் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சமைத்தவர்கள், மூட்டை தூக்கியவர்கள், ஏரியில் இறங்கி இறால் பிடித்துக் கொடுத்தவர்கள் யாருக்கும் கல் இல்லை. "இது சரியான சாம்பிள் இல்ல" என்றேன். "அப்ப உங்கம்மாவ எழுது போ" என்று எரிச்சலோடு சொன்னாள். அவள் கோபத்தில் சொன்னதை நான் பிடித்துக்கொண்டேன்.

பொன்னேரி பஜாரில் ஒரு கொக்கித் தராசு வாங்கினேன். பறியின் கயிற்றைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் முள் எடையைக் காட்டும். எந்தெந்த நாள் எடை போடுவது என்பதை என் இஷ்டத்துக்கு வைக்கக்கூடாது. பாடப்புத்தகத்தின் கடைசியில் தாறுமாறாக எண்கள் போட்ட அட்டவணை ஒன்று இருக்கும், அதைப் பார்த்துத்தான் நாள் குறிக்க வேண்டும். நான் புத்தகத்தைப் புரட்டி, விரலை வைத்து, "இன்னிக்கு இல்ல, நாளன்னிக்கு" என்று சொல்வதைப் பெண்கள் கவனித்துவிட்டார்கள். ஒரு வாரத்தில் அது பஞ்சாங்கம் என்று ஊரில் பரவிவிட்டது. ஒரு அத்தை தன் மகனுக்குப் பெண் பார்க்கப் போக நல்ல நாள் குறித்துத் தரச் சொன்னாள். இல்லை என்றால் விடமாட்டாள் போலிருந்தது. அட்டவணையில் விரல் வைத்து ஒரு நாளைச் சொல்லிவிட்டேன். அந்தச் சம்பந்தம் முடிந்தும்விட்டது, அதற்கப்புறம் என் மதிப்பு எங்கேயோ போய்விட்டது.

பத்துப் பறிக்கும் பேர் எழுதாமல் எண் கொடுத்தேன். அம்மா ஏழு. குறித்த நாளில் கரையில் கருவேல மரத்தடியில் தராசோடு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் ஏறி வருவார்கள், வட்டமாக உட்கார்ந்து காலைக் கழுவுவார்கள், பேசுவார்கள். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பறியாக மாட்டித் தூக்கி எழுதிக்கொள்வேன். மழை நின்றதிலிருந்து பொங்கல் தாண்டியும் இதைச் செய்தேன். அழகாகக் கட்டம் போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, மேடத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

மேடம் கண்டிப்பானவர். அநாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். பக்கங்களைப் புரட்டினார், கால்குலேட்டரைத் தட்டினார், மறுபடியும் தட்டினார். பிறகு நோட்டை மூடினார்.

"வீட்ல உட்கார்ந்து எழுதினியா?"

எனக்குப் புரியவில்லை. "இல்ல மேடம், ஏரிக்கரைல உட்கார்ந்து எழுதினேன்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"கையால துழாவிப் பிடிக்கிற இறால். ஒருத்தருக்கு நிறையக் கிடைக்கும், ஒருத்தருக்குக் கிடைக்காது. நீ எழுதியிருக்கறதுல எந்த நாளை எடுத்தாலும் அன்னிக்குப் பத்து பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே எடை. திட்டவிலக்கம் இருக்கா இல்லையான்னே தெரியல. பாக்கெட் போட்டு விக்கிற சர்க்கரைலதான் இப்படி வரும். பொய்யா எழுதறவங்க எல்லாரும் பண்ற தப்பு இது, சராசரியை ஒட்டியே எழுதிட்டுப் போவாங்க. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

முகம் சுட்டது. குறித்த நாளில் ஒன்றுகூட விடாமல் கொக்கியைத் தூக்கிப் பிடித்துக் கை வலித்தது எனக்கு. பொய் என்கிறார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கையெழுத்து இல்லையென்றால் அந்த வருடம் பட்டம் இல்லை. ஊருக்கே நாள் குறித்துக் கொடுத்தவள் ஃபெயில் என்று வந்து நிற்க வேண்டும்.

சாயந்திர ரயிலில் தோழியிடம் கத்திக்கொண்டே வந்தேன். மேடத்தின் ஏழு தலைமுறையையும் விட்டுவைக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, நீ என்ன பண்ணினன்னு மொதல்லேருந்து சொல்லு. ஒண்ணு விடாம" என்றாள்.

"இன்னா சொல்றது? அவங்க கரையேறுவாங்க. காலக் கழுவுவாங்க. சேத்தை அலசுவாங்க. பிடி போடுவாங்க. அப்பறம் நான் ஒவ்வொரு பறியா..."

"இரு. பிடி போடறதுன்னா?"

"பிடி போடறதுடி. நெறைய இருக்கறவங்க கம்மியா இருக்கறவங்க பறில ஒரு பிடி அள்ளிப் போடுவாங்க இல்ல, அது."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே கேட்டுவிட்டது. தோழி என்னையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வேர்க்கடலை விற்பவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவள் நிறுத்தவில்லை.

"எல்லாரும் பங்கு போட்டுச் சமமாக்கின அப்புறமா எடை போட்டிருக்க. லூசு. இதுல திட்டவிலக்கம் எப்படிடி வரும்?"

எங்கள் ஊரில் பிறந்த ஒருத்தியால் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. பிடி போடுவது என்பதை நான் ஒரு செயலாக நினைத்ததே இல்லை. யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை, கொடுக்கிறவள் வாங்குகிறவள் முகத்தைப் பார்ப்பதுகூட இல்லை. வேறு ஏதோ பேசிக்கொண்டே பக்கத்துப் பறியில் கை போய்விட்டு வரும், அவ்வளவுதான். வீட்டுக்குள் வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதை யாராவது குறிப்பில் எழுதுவார்களா? மூன்று வருடம் சிதறலைப் பற்றிப் படித்தவள், கண்ணெதிரே பத்துப் பேர் சிதறலை அள்ளி நிரவுவதைத் தராசும் கையுமாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் முகத்தில் நம்பியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. "அப்போ பிடி போடறதுக்கு முன்னாடி எடுத்துட்டு வா. ரெண்டு வாரம் டைம்" என்றார்.

கருவேல மரத்தடியில் விஷயத்தைச் சொன்னதும் ஒரே களேபரம். பிடி போடாத பறியை எடை போடுவதா? அவர்கள் பார்வையில் அது வேகாத சோற்றைப் பரிமாறுகிற மாதிரி. எல்லோரையும்விட அதிகமாகக் கத்தியது என் அம்மாதான்.

"பிடி போடாத பறிய எவடி எடை போடுவா? எவளுக்கு எவ்ளோன்னு தெரிஞ்சிகினு இன்னா பண்ணப்போற? அதெல்லாம் வேணாம்னா வேணாம்."

"எடை போடலன்னா நான் ஃபெயிலும்மா."

சின்னத்தை என்று நாங்கள் கூப்பிடுகிற குள்ளமான ஒரு பெண்மணிதான் வாயைத் திறந்தாள். தண்ணீரில் ஒரே இடத்தில் நிற்பாள், நகரவே மாட்டாள், தூங்குமூஞ்சி என்று எல்லோரும் கேலி செய்வார்கள். "தண்ணிலயே எடை போட்டுக்கட்டும். வாயால ஒண்ணும் சொல்லக்கூடாது, எழுதிக்கினு போய்க்கினே இருக்கணும். நம்ம பொண்ணு ஃபெயிலானா நமக்குத்தான கலீஜு?" என்றாள். அம்மாவுக்கு அதற்குமேல் மறுக்க முடியவில்லை. ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டின்போது என்னிடம் பேசவில்லை.

நோட்டை பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தராசோடு ஏரியில் இறங்கினேன். அவர்கள் கரையேறுவதற்குச் சற்று முன்னால் ஒவ்வொருவரிடமாகப் போய்ப் பறியைத் தண்ணீர் வடியத் தூக்கி, முள்ளைப் பார்த்து, எழுதிவிட்டுத் திருப்பி வாயில் கொடுப்பேன். வாயில் பறி இருந்ததால் யாராலும் என்னைத் திட்ட முடியவில்லை. கண்ணாலேயே திட்டினார்கள். இரண்டு தடவை சேற்றில் கால் வழுக்கி உட்கார்ந்தேன். பத்து வாயிலிருந்தும் பறிக்குப் பின்னால் ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று புரியக் கொஞ்ச நேரமானது.

இப்போது எண்கள் எண்கள் மாதிரி வந்தன. ஒரு பறி கனக்கும், ஒரு பறி காற்று மாதிரி வரும். எல்லோரையும்விட அதிகம் பிடித்தது தூங்குமூஞ்சிச் சின்னத்தை. நகராமல் நின்றது தூக்கம் இல்லை, அவள் காலடியிலேயே அவ்வளவு இறால் அகப்பட்டது. எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ஏழாம் எண் பறியைத் தூக்கும்வரைதான்.

அம்மாவின் பறியில் ஒன்றுமே இல்லை என்று சொல்லும்படி இருந்தது. அடியில் கொஞ்சம் இறால், ஒரு குட்டி நண்டு. என் அம்மா ஊரிலேயே வாய்க்காரி. "நான் கைய விட்டா இறால் தானா வந்து ஏறிக்கும்" என்று நானிருக்கிற பொழுதெல்லாம் அளப்பவள். அன்று அகப்படவில்லை போலிருக்கிறது என்று எழுதிக்கொண்டேன். அடுத்த முறையும் அப்படித்தான். அதற்கடுத்த முறையும். எல்லா நாளும் பத்துப் பேரில் கடைசி ஏழுதான். கரையேறிய பிறகு பார்த்தால் அவள் பறியும் மற்றவர்களுடையது போலவே இருக்கும்.

நான்காவது நாள் அவளிடமிருந்து பறியை வாங்கும்போதுதான் கையைச் சரியாகப் பார்த்தேன். வலது கையில் நடு விரலும் மோதிர விரலும் மடங்கவில்லை, விறைத்து நின்றன. நான் பிளஸ் டூ படிக்கையில் கெளுத்தி முள் குத்திக் கை வீங்கிக் கிடந்தாள். பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, ஆறிவிட்டது என்று சொன்னாள். நாங்களும் ஆறிவிட்டது என்று இருந்துவிட்டோம். அதற்கப்புறம்தான் வீட்டில் மீன் ஆய்வது என் வேலையானது. "நீயும் கத்துக்கணும் இல்ல?" என்பாள். நான் முணுமுணுத்துக்கொண்டே ஆய்ந்திருக்கிறேன்.

அப்படியானால் நான் கல்லூரிக்குப் போன மூன்று வருடமும் எங்கள் வீட்டுக்கு வந்த இறாலில் பெரும்பாதி ஒன்பது பேருடைய கையிலிருந்து வந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்குச் சூத்திரம் எதுவும் தேவைப்படவில்லை, கூட்டல் கழித்தல் போதுமாக இருந்தது. தண்ணீருக்குள் நின்றுகொண்டே அழுதேன். முகம் ஏற்கெனவே ஈரமாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

எல்லாவற்றையும் சுத்தப் பிரதியாக எழுத வேண்டிய நாள் வந்தது. வீட்டில் எழுதப் பிடிக்கவில்லை. டச்சுக் கல்லறைக்குப் போய் ஒரு சமாதியின் நிழலில் உட்கார்ந்தேன். ஏழாம் எண்ணுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. எழுதினால், கல்லூரி அலமாரியில் என் அம்மா கடைசி ஆளாக என்றைக்கும் இருப்பாள். யாருக்கும் தெரியப்போவதில்லை, வெறும் எண்தான். ஆனால் எனக்குத் தெரியும். கொஞ்சம் கூட்டிப் போட்டால் என்ன? கடைசி வேண்டாம், கடைசிக்கு முந்தி. பென்சிலால் கூட்டி எழுதியும் பார்த்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து எழுதினாயா என்று கேட்டபோது அவ்வளவு கோபம் வந்த எனக்கு, அதைச் செய்ய இவ்வளவு சுலபமாகக் கை வருகிறதே என்று வெட்கமாகிவிட்டது. சுற்றிலும் கல் வைத்துக்கொண்டவர்கள் படுத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே உட்கார்ந்து அம்மாவை இல்லாத இடத்தில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. அழித்துவிட்டு உள்ளதை எழுதினேன்.

இரண்டு அட்டவணையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேடத்திடம் கொடுத்தேன். பிடி போடுவதற்கு முன், பிடி போட்ட பின். அவர் கால்குலேட்டரைத் தட்டினார். இரண்டிலும் சராசரி கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. ஆளுக்கு ஆள் இருந்த சிதறல் மட்டும் ஒன்றில் மலையளவு, இன்னொன்றில் கடுகளவு. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இந்த ஏழாம் எண். எல்லா நாளும் ரொம்பக் குறைவு. திருப்பிக் கொடுக்க வாய்ப்பே இல்லாத ஆளுக்கு மத்தவங்க வருஷக்கணக்கா போடுவாங்களா? யார் இது?"

"எங்கம்மா, மேடம்."

அவர் பேனாவைத் திறந்தார். "வீட்ல உட்கார்ந்து எழுதறவ அம்மாவைக் கடைசில வைக்க மாட்டா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து தோழியைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அவள் வழக்கம்போலச் சிரித்தாள், எனக்கு அன்று அவள்மேல் கோபம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள். "எல்லாம் எழுதிக் குட்த்துட்டியா?"

"குட்த்துட்டேன்."

"எனக்கு எவ்ளோன்னு போட்ட?"

இந்தக் கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். "உள்ளதப் போட்டேன்" என்றேன்.

கரண்டி ஒரு நிமிடம் நின்றது. "உள்ளதயா போட்ட?" என்றாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மூணு வருசம் படிச்சி இப்பத்தான் உனக்குத் தெரிஞ்சிதா? ஊர்ல நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்டி." நான் அவளுடைய வலது கையைப் பிடித்தேன். விடுடி, கொழம்பு அடி புடிக்கப் போவுது என்று உதறினாள்.

தேர்வு முடிவு வந்து நான் பாஸானது தெரிந்த வாரத்தில் ஒரு காலை, எனக்கும் ஒரு பறி வேண்டும் என்றேன். பெண்கள் எல்லோருக்கும் அது பெரிய தமாஷாக இருந்தது. சின்னத்தை பழைய பறி ஒன்றைக் கொடுத்தாள். பல்லில் கவ்விக்கொண்டு இறங்கினேன். ஓலையின் உப்பு நாக்கில் இறங்கியது, தாடை வலித்தது, முதுகு பிடித்துக்கொண்டது. நான்கு மணி நேரத்தில் எனக்கு அகப்பட்டவை ஒன்பது இறால்கள். அதில் ஒன்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குதித்து ஓடியது.

கருவேல மரத்தடியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். அன்றைக்கும் அம்மாவின் பறி லேசாகத்தான் இருந்தது, தூக்கிப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த அத்தையிடம் மகன் கல்யாணத்துக்கு எந்தப் பந்தல்காரரைப் பிடிப்பது என்று அவள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சை நிறுத்தாமல், மடங்காத இரண்டு விரலும் நீட்டிக்கொண்டிருக்க, தன் பறியிலிருந்து ஒரு பிடி அள்ளி என் பறியில் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்காத மாதிரி காலைக் கழுவிக்கொண்டேன்.